முதலில் முற்றத்தை வெட்டுங்கள்

நகரம் கட்டும் விளையாட்டுகளுக்குப் பழைய வீடுகள் செய்து தரும் தம்பி தங்கைகளுக்கு,

போன கோடை விடுமுறையில் என் பேத்தி தன் மடிக்கணினியில் ஓர் ஊரைக் காட்டினாள். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் விளையாட்டில் அவளே தெருப் போட்டு, குளம் வெட்டி, கோயில் வைத்து உண்டாக்கிய ஊர். கடைத்தெருவைத் தாண்டியதும் ஒரு செட்டிநாட்டு வீடு நின்றது. உங்களில் ஒருவர் செய்து இணையத்தில் ஏற்றியதை எடுத்து வைத்திருக்கிறாள். முகப்புத் தூண்கள் வழவழவென்று இருந்தன. கைப்பிடிச் சுவருக்கு மேலே யானைகள் நீர் சொரிய நடுவில் லட்சுமி. அந்தச் சுதை வேலையை அத்தனை சிறிய உருவத்தில் கொண்டுவர எத்தனை இரவு விழித்திருப்பீர்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் மவுஸ் சக்கரத்தை உருட்டி மேலே போனாள். வீடு சிறிதாகிக்கொண்டே வந்தது, கூரை தெரிந்தது. ஒரே பாளமாக மூடிய கூரை. முற்றம் இல்லை.

எனக்குச் சட்டென்று மூச்சு முட்டியது போலிருந்தது. மிகைப்படுத்தவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழைய வீடுகளை நாடா பிடித்து அளந்து தாளில் வரைவதே என் தொழிலாக இருந்தது. புதுச்சேரியின் தமிழர் பகுதியிலும், காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நான் ஏறி இறங்காத மச்சுப் படிகள் குறைவு. முற்றம் இல்லாத செட்டிநாட்டு வீட்டில் மனிதர் இருக்க முடியாது. வெளிச்சம் வராது, காற்று வராது, அடுப்புப் புகை போக வழியிருக்காது. அந்த வீட்டுக்குள் இருப்பதாக விளையாட்டு சொல்லும் குடும்பங்கள் இருட்டில் இருக்கின்றன என்றே எனக்குத் தோன்றியது. இந்த மடல் அன்று இரவு மனத்துக்குள் தொடங்கியது.

நீங்கள் வீடு செய்யும் முறையைப் பேத்தி எனக்கு விளக்கினாள். பிறகு நானே பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைக் கற்றுக்கொண்டு செய்து பார்த்தேன். முதலில் ஒரு புகைப்படம் தேடுகிறீர்கள். கிடைப்பதெல்லாம் தெருவில் நின்று எடுத்த முகப்புப் படம். அதைச் சுவரில் ஒட்டி, தூணை இழுத்து, பின்னால் ஒரு பெட்டியை வைத்து மூடிவிடுகிறீர்கள். மேலைநாட்டு வரிசை வீடுகளைச் செய்யக் கற்றுக்கொடுக்கும் பாடங்கள் இப்படித்தான் சொல்கின்றன. லண்டனில் தெருவைப் பார்க்கும் சுவர்தான் வீட்டின் முகம், அங்கே இந்த முறை பொருந்தும். ஆனால் இந்த விளையாட்டை ஆடுபவர் தெருவில் நிற்பதில்லை. பருந்து போல மேலே நின்று பார்க்கிறார். மேலிருந்து பார்த்தால் நம் வீட்டுக்கு முகம் அதன் கூரை, அந்த முகத்தில் கண் அதன் முற்றம். கானாடுகாத்தானின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பாருங்கள். சிவப்பு ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே நீள்சதுரக் குழிகள், ஒன்றன்பின் ஒன்றாக, தெருவுக்குத் தெரு. உலகத்தில் இந்த விளையாட்டுக்கென்றே கட்டியது போன்ற வீடு ஒன்று உண்டென்றால் அது நம்முடையது.

ஆகவே, பிளெண்டரைத் திறந்ததும் முகப்பை வரையாதீர்கள். மனையின் அளவுக்கு ஒரு பலகை வையுங்கள். அதன் நடுவில் முற்றத்தை வெட்டுங்கள். சுற்றிலும் உள்நோக்கிச் சரியும் நான்கு கூரைகளை வையுங்கள். நான்கும் சந்திக்கும் மூலைகளில் மழைநீர் கூடி விழும். அந்த மூலைக்கு நேர் கீழே, முற்றத்தில், அண்டா வைப்பார்கள். முற்றத்துத் தரை சுற்றியுள்ள தாழ்வாரத்தைவிடத் தாழ்ந்திருக்கும். ஓரத்தில் ஒரு மடை உண்டு, தண்ணீர் தரைக்கடியில் ஓடி வெளியேறும். இவ்வளவுக்கும் ஆகும் முக்கோணங்கள் மிகக் குறைவு. ஒரு தூணின் போதிகையில் நீங்கள் செலவழிக்கும் முக்கோணங்களில் பாதி போதும், ஒரு முற்றம் முழுதாக வந்துவிடும்.

தொலைவிலிருந்து பார்க்கும்போது விளையாட்டு உங்கள் மாடலை எடுத்துவிட்டு எளிய உருவம் ஒன்றை வைக்கிறதே, அதையும் கையாலேயே செய்யுங்கள். செய்யாமல் விட்டால் விளையாட்டு தானாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும், நான் செய்து பார்த்த வீட்டில் அது முற்றத்தைத் தூர்த்துவிட்டது. கொஞ்சம் மேலே போனதும் ஊரே மூடிக்கொண்டது. தொலைவு உருவத்தில் தூண் வேண்டாம், சன்னல் வேண்டாம். குழி வேண்டும்.

அடுத்து மனை. இங்கேதான் விளையாட்டும் நம் ஊரும் சண்டை போடுகின்றன. 2015இல் வந்த முதல் ஸ்கைலைன்ஸில் ஒரு கட்டம் 8 மீட்டர். தானாக முளைக்கும் கட்டடத்துக்கு அதிகபட்சம் நான்குக்கு நான்கு கட்டம், அதாவது 32 மீட்டர் ஆழம். நடுவில் வீடு, சுற்றிலும் புல்வெளி, முன்னால் கார் நிறுத்த இடம் என்று யாரோ எங்கேயோ வாழும் வாழ்க்கையை மனத்தில் வைத்துப் போட்ட அளவு இது. புதுச்சேரி வைசியாள் வீதி போன்ற ஒரு தெருவில் சாதாரண வீட்டின் தெருமுகம் பதினாறு, பதினெட்டு அடி இருக்கும். ஒரு கட்டத்துக்குள் ஒரு வீட்டை வைத்தால் அது தொப்பை போட்டதுபோல அகன்று நிற்கும். நான் கண்ட வழி இது: இரண்டு கட்ட அகலத்தை, 16 மீட்டரை, எடுத்துக்கொண்டு அதில் மூன்று வீடுகளைச் சுவரோடு சுவராகச் செய்து, ஒரே கட்டடமாக ஏற்றுங்கள். மூன்றுக்கும் கூரை உயரம் கொஞ்சம் மாறட்டும். ஒன்றுக்கு மாடி இருக்கட்டும். பக்கச் சுவரில் சன்னல் வைக்காதீர்கள், அது அடுத்த வீட்டுக்காரரோடு பங்குபோட்ட சுவர். பக்கத்தில் தாழ்ந்த வீடு வந்தால் சுண்ணாம்பு பூசிய வெறும் சுவர் தெரியட்டும். அப்படித்தான் தெரியும்.

செட்டிநாட்டு வீட்டின் சிக்கல் நேர்மாறானது. அது ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, தோட்டம் என்று ஒரே நேர்கோட்டில் போகும். தலைவாசலில் நின்றால் கதவுக்குள் கதவாகப் பின்வாசல் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். பெரிய வீடுகள் 32 மீட்டரில் அடங்குவதில்லை. அடங்க வேண்டுமென்று அதை நசுக்கித்தான் உங்களில் பலர் முற்றத்தை இழந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நசுக்க வேண்டாம். இரண்டு தெருக்களுக்கு நடுவே எட்டுக் கட்டம் விட்டால் 64 மீட்டர் கிடைக்கிறது. முன்பாதியை ஒரு கட்டடமாகவும் பின்பாதியை இன்னொரு கட்டடமாகவும் செய்து, முதுகோடு முதுகு ஒட்டிக் கையால் வையுங்கள். பின்தெருவைப் பார்க்கும் பாதிக்கு அலங்காரம் வேண்டாம். வண்டி வந்து நெல் மூட்டை இறக்கும் வாசல் அது. உயரமான வெறும் சுவரும் ஒரு கதவும் போதும்.

வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்குமே, அவற்றையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. நகரத்தார் கணக்கில் மணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. ஒரே கூரை, ஒரே தலைவாசல், ஆனால் அடுப்பு தனித்தனி. கட்டடத்தை ஏற்றும்போது அதைத் தனிவீடு என்று ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிவிடாதீர்கள். பல குடும்பங்கள் வாழும் வகையில் சேர்த்துவிடுங்கள். வெளியே பார்ப்பவருக்கு இது தெரியாது. தெருவில் நடமாடும் கூட்டத்தில் தெரியும்.

இனி, காலம். நான் பார்த்த மாடல்களில் மிகுதியும் தவறுவது இதில்தான். உங்கள் ஊர் எந்த ஆண்டில் நிற்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பர்மாத் தேக்குத் தூண் வேண்டுமென்றால் ஊர் 1852க்குப் பிந்தையதாக இருப்பது நல்லது. அந்த ஆண்டில்தான் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது, அதன் பின்னாலேயே செட்டியார்களின் வட்டிக்கடைகளும் போயின. பர்மா, இலங்கை, மலேயா என்று போய்ச் சம்பாதித்த பணம் தேக்காகவும் இத்தாலியச் சலவைக்கல்லாகவும் பெல்ஜியக் கண்ணாடியாகவும் ஊர் திரும்பியது. நாம் வாய் பிளந்து பார்க்கும் பெரிய வீடுகள் ஏறத்தாழ 1850களுக்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. நீங்கள் கூரைக்குப் போடும் தட்டையான சீமை ஓடு மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் தொடங்கிய தொழிற்சாலை வழியாகப் பரவியது. 1800இல் நிற்கும் தெருவுக்கு அது ஆகாது. குயவர் சக்கரத்தில் வனைந்து இரண்டாகப் பிளந்த நாட்டு ஓடுதான் வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக. மேலிருந்து பார்க்கும்போது இந்த இரண்டு கூரைகளும் வேறு வேறு துணி போலத் தெரியும். சீமை ஓடு கோடு போட்ட தாள். நாட்டு ஓடு மீன் செதில். ஆத்தங்குடிக் கல்லும் சிமெண்டு வந்த பிறகுதான்.

பழமை என்றதும் அழுக்கைப் பூசுகிறீர்கள். சுவரெல்லாம் விரிசல், பாசி, காரை பெயர்ந்து செங்கல் தெரிகிறது. பிள்ளைகளே, அந்த வீடுகள் அன்று புதியவை. நீங்கள் காட்டுவது அவை கட்டப்பட்ட காலத்தை. செட்டிநாட்டுப் பூச்சு எப்படி இருக்கும் தெரியுமா? சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைத்து, அரைத்து, பூச்சுமேல் பூச்சாக ஏற்றி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். நூறு ஆண்டு கழித்தும் அதில் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும், எதிரே நிற்பவர் உருவம் நிழலாகத் தெரியும். பளபளப்புக்கு ஒரு படம் கொடுக்கிறீர்களே, அதில் உட்சுவரையும் தூணையும் தைரியமாக வெளுப்பாக்குங்கள். வெளிச்சுவர் வேறு. அது ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கப்படும் சுவர். ஒவ்வொரு கட்டடத்துக்கும் நான்கு நிறம் கொடுக்க விளையாட்டு இடம் தருகிறது. சுத்த வெள்ளை ஒன்று, நீலம் கலந்த வெள்ளை ஒன்று, காவி மஞ்சள் ஒன்று, நான்காவது உங்கள் பாட்டி வீட்டு நிறம். அடிச்சுவரில் காவிப்பட்டை மறக்க வேண்டாம்.

இரவுக்கு வருவோம். இரவில் எல்லாச் சன்னல்களும் மஞ்சளாக எரியும்படி செய்திருக்கிறீர்கள். நம் பழைய வீட்டில் தெருப்பக்கச் சன்னல் சிறியது, கம்பி போட்டது, பெரும்பாலும் இருட்டானது. வெளிச்சம் வாசல் மாடக்குழியில் ஒரு துளி. மற்றதெல்லாம் உள்ளே. இரவில் மேலிருந்து பார்த்தால் தெரு கருத்துக் கிடக்கும், ஒவ்வொரு கூரையின் நடுவிலிருந்தும் முற்றத்து வெளிச்சம் மெல்ல மேலெழும். நான் செய்த வீட்டில் இதை மட்டும் செய்து, விளையாட்டில் பொழுது சாயும்வரை காத்திருந்தேன். பேத்தி ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வளர்ச்சி நிலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலத்தின் மதிப்பு ஏறினால், வசதி கூடினால், விளையாட்டில் வீடு ஐந்து நிலைகளில் உயரும். உயர்வதென்றால் பழைய வீடு மறைந்து அதே அளவு மனைக்கு வேறொரு வீடு வரும். வேண்டாமென்றால் 'வரலாற்றுச் சின்னம்' என்று குறித்து உருவம் மாறாமல் நிறுத்தி வைக்கலாம். ஒன்று, அழித்துவிடு. இல்லையென்றால், உறைய வை. புதுச்சேரித் தெருக்கள் இந்த இரண்டும் இல்லாமல் வளர்ந்தவை. 1761இல் ஆங்கிலேயர் அந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நிற்பதில் பெரும்பகுதி அதற்குப் பின்னால் எழுந்தது. ஒரு குடும்பம் முதலில் திண்ணையும் முற்றமும் வைத்து ஓட்டு வீடு கட்டுகிறது. திண்ணைக்கு முன்னால், தெருவோரத்தில், மரக்கால் நட்டுச் சாய்ப்புக் கூரை போட்ட தாழ்வாரம். வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்க அது. கையில் காசு சேர்ந்ததும் மகன் மாடி எடுக்கிறான். அதற்குள் ஊரில் பிரெஞ்சுக்காரர் மோஸ்தர் பரவியிருக்கிறது. மாடிக்கு மட்டும் வளைவுச் சன்னல், ஒட்டுத் தூண், உருண்டைக் கைப்பிடிச் சுவர். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. பேரன் காலத்தில் திண்ணையில் ஒரு பாதி கடையாகிறது.

இதை நிலைகளாகவே செய்யலாம். ஐந்து வெவ்வேறு வீடுகள் செய்யாமல், ஒரே வீட்டை ஐந்து வயதில் செய்யுங்கள். கீழ்த்தளம் அசையாமல் இருக்கட்டும், அதே வாசல், அதே திண்ணை, அதே முற்றம். மேலே மட்டும் காலம் ஏறிக்கொண்டே போகட்டும். விளையாட்டு தன்னிச்சையாக எடுத்து மாட்டினாலும், ஒரு மனையளவுக்கு உங்கள் தொகுப்பு மட்டும் இருந்தால், ஆடுபவரின் கண்முன்னே வீடு வளரும். நான் இன்னும் மூன்றாவது நிலையில்தான் இருக்கிறேன். மெட்ராஸ் தளம் போட்ட மொட்டை மாடி தகராறு செய்கிறது. தேக்கு உத்தரத்தின்மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாகவும் குறுக்குச் சாய்வாகவும் சுண்ணாம்பில் பதித்துப் போடும் தளம் அது. மேலே தட்டோடு மட்டும்தான் தெரியும் என்பதால் உள்ளே இருப்பதை நான் செய்யத் தேவையில்லை. ஆனாலும் செய்துகொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. இதை எப்படிச் சொல்வது என்று பல முறை எழுதி அடித்தேன். உங்கள் ஊர்களில் அரண்மனைகளாக இருக்கின்றன. முகப்பு வீடுகள், மாடி வீடுகள், அக்கிரகாரங்கள். அந்தத் தேக்கைத் தூக்கி நிறுத்தியவர்கள், அந்தச் சுண்ணாம்பை அரைத்த பெண்கள், எங்கே குடியிருந்தார்கள்? அந்த ஊர்களில் மண்சுவரும் பனையோலையும் தென்னங்கீற்றுமாக எத்தனையோ வீடுகள் இருந்தன. சில ஆண்டுகளுக்கொரு முறை கீற்று மாற்றி மீண்டும் எழுந்த வீடுகள் என்பதால் அவற்றை யாரும் அளக்கவில்லை. நானும் அளக்கவில்லை. என்னிடம் கொடுத்த பட்டியலில் அவை இல்லை, நான் கேட்கவும் இல்லை. அவை ஊரின் விளிம்பில், சில சமயம் ஊர் என்று சொல்லப்படாத இடத்தில், இருந்தன. யார் எந்தத் திண்ணையில் உட்காரலாம், யார் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்பதும் அந்த நகரமைப்பின் ஒரு பகுதி. உண்மையான பழைய ஊரைச் செய்கிறோம் என்று சொல்லிவிட்டு இதை மட்டும் விட்டுவிட்டால், நாம் செய்வது திருமணப் பத்திரிகை அட்டைப்படம். மண்சுவர் வீட்டைச் செய்யுங்கள். முகப்பு வீட்டுக்குக் கொடுத்த அதே நேரத்தைக் கொடுங்கள். தாழ்ந்த இறவாணம், குனிந்து நுழையும் வாசல், சாணம் மெழுகி வழித்த திண்ணை, சுவரைத் தொட்டு வளரும் சுரைக்கொடி. அந்த வீட்டுப் பிள்ளை ஒருவர் உங்கள் கூட்டத்திலேயே இருப்பார், அவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

எதற்கு இவ்வளவு, விளையாட்டுத்தானே என்று உங்களில் சிலர் கேட்கலாம். நான் அளந்த வீடுகளில் பல இன்று இல்லை. பர்மாவுக்குள் 1942இல் ஜப்பானியர் வந்தபோது செட்டியார்கள் பலர் கணக்குப் புத்தகங்களை விட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பினார்கள். பிறகு பர்மா சுதந்திரம் பெற்று நிலங்களை அரசே எடுத்துக்கொண்டது. பணம் வரும் வழி அடைந்தது, வீடு மட்டும் நின்றது. நாற்பது ஐம்பது பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு வீடு, பராமரிக்க ஒருவருமில்லை. கடைசியில் பிரித்து விற்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நிலைக்கதவுகளும் தூண்களும் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. புதுச்சேரியில் இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு 1984 முதல் வேலை செய்கிறது, வைசியாள் வீதியின் முகங்கள் மீண்டது அந்த முயற்சியில். நல்லதுதான். ஆனால் பட்டியலில் ஏறாத தெருக்கள் எத்தனையோ.

அப்படி ஒரு தெருவில் ஒரு வீடு. பெரிய வீடில்லை, இரண்டு கட்டுதான். இரண்டு நாள் அளந்தேன். வளவுத் தூண்களின் சுற்றளவு, ஒவ்வொரு படியின் உயரம், முற்றத்து மடையின் அகலம்வரை தாளில் இருக்கிறது. பல ஆண்டு கழித்து அந்தப் பக்கம் போனபோது மனை வெறுமையாகக் கிடந்தது. எருக்கு முளைத்திருந்தது. தலைவாசல் படிக்கல் மட்டும் தெருவோரத்தில் கிடந்தது, அதில் உட்கார்ந்து ஒரு பையன் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பிளெண்டரில் முதலில் செய்தது அந்த வீட்டைத்தான். என் தாள்களை ஒவ்வொன்றாக விரித்து வைத்து நான்கு மாதம் செய்தேன். முகப்பு வந்தது, வளவு வந்தது, அடுப்படி வந்தது. தோட்டத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. இரண்டாம் நாள் மாலை வெளிச்சம் போய்விட்டதால் பின்பக்கத்தை அவசரமாக முடித்திருக்கிறேன். கிணறு இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வீட்டு ஆச்சி அதில் தண்ணீர் இறைத்துத்தான் என் கைக்கு ஊற்றினார். அது சுவரோரமா, நடுவிலா, வேம்புக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது தாளில் இல்லை.

உங்களுக்கு அளவு நாடா ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்வேன், 30 மீட்டர் நாடா. புகைப்படத்தை நம்பிச் செய்வதை நிறுத்திவிட்டு, உங்கள் ஊரில் இன்னும் நிற்கும் ஒரு வீட்டுக்குக் காலையிலேயே போங்கள். வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள், காப்பி கொடுத்தால் குடியுங்கள். முற்றம் பெருக்குபவரிடம் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேளுங்கள். பின்பக்கத்திலிருந்து அளக்கத் தொடங்குங்கள். என்னிடமுள்ள தாள்களைப் பேத்தி படமெடுத்து வைத்திருக்கிறாள், வேண்டியவர் எழுதினால் அனுப்பச் சொல்கிறேன்.

அந்த வீடு இப்போது பேத்தியின் ஊரில், குளத்துக்கு மேற்கே இருக்கிறது. தோட்டத்தில் வேம்பு வைத்தாயிற்று. பக்கத்தில் 8 மீட்டர் கட்டம் ஒன்றை மட்டும் ஒன்றும் வைக்காமல் விட்டிருக்கிறோம்.

அன்புடன்,
வீடுகள் அளந்த ஒரு பாட்டி